காசியில் பிறந்தவனா மதுரை வீரன்?



நினைவுச் சொற்பொழிவு மேடையில் ஒரு பழைய ராஜா ராணிப் படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்களே கொஞ்சம் தயங்கினார்கள். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை என் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் தொடங்க முடியும்.

எங்கள் அவ்வா எழுதப் படிக்கத் தெரியாதவர். துப்புரவு வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவர். தொலைக்காட்சியில் ‘மதுரை வீரன்’ போடுகிறார்கள் என்றால் எங்கள் காலனியில் அன்றைக்குத் திருவிழா. பெட்டிக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டு உட்காருகிறவர்கள் இருந்தார்கள். அவ்வாவும் வந்து உட்காருவார். ஆனால் முதல் பகுதியில் திரையைப் பார்க்கவே மாட்டார். காசி ராஜா, அரண்மனை, சோதிடம், பிள்ளையால் நாட்டுக்குக் கேடு என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அவர் பாட்டுக்குக் குனிந்தபடி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். காட்டில் கிடக்கும் குழந்தையைச் செருப்புத் தைக்கும் சின்னானும் செல்லியும் எடுக்கும்போதுதான் உலக்கையைக் கீழே வைத்து நிமிர்வார். “இனிமேத்தான் கதை” என்பார்.

கிழவியின் பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். முதுகலையில் சமூகவியல் படித்து, நா. வானமாமலையின் கதைப்பாடல் ஆய்வுகளைப் புரட்டிய பிறகுதான், எங்கள் திண்ணையில் அவ்வா செய்துகொண்டிருந்தது பாடபேத ஆராய்ச்சி என்று உறைத்தது. எந்த இடத்தில் கதை ஒட்டுப்போடப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தோல் தைக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்குத் தையல் தெரியாமலா போகும்?

படத்தைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘மதுரை வீரன்’ 1956 ஏப்ரல் 13 அன்று வெளிவந்தது. தயாரிப்பு கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார், இயக்கம் டி. யோகானந்த், வசனம் கண்ணதாசன், இசை ஜி. ராமநாதன். வீரனாக எம்.ஜி.ஆர்., பொம்மியாக பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி, திருமலை நாயக்கராக ஓ.ஏ.கே. தேவர், நரசப்பனாக டி.எஸ். பாலையா. சின்னானும் செல்லியுமாக நடித்தவர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். இதே பெயரில் 1939இல் ஏற்கெனவே ஒரு படம் வந்திருந்தது. ஆனால் இன்றைக்கும் மக்கள் மனத்தில் நிற்பது 1956ஆம் ஆண்டுப் படம்தான். எம்.ஜி.ஆருக்கு அது மாபெரும் வெற்றி. அருந்ததியர் குடியிருப்புகளில் அவர் மீது வளர்ந்த பற்றுக்கு இந்தப் படத்தை முதற்காரணமாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான்.

இனி கதைப்பாடலுக்கு வருவோம். ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற மதுரை வீரன் கதையும் காசியில்தான் தொடங்குகிறது. காசி ராஜாவுக்கு மகன் பிறக்கிறான். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை, நாட்டுக்கு ஆகாது என்கிறார்கள் சோதிடர்கள். காட்டில் விடுகிறார்கள். சக்கிலியத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். ஆக, காசியைக் கண்ணதாசனோ யோகானந்தோ புதிதாகச் சேர்க்கவில்லை. அந்த ஒட்டு அச்சிலேயே இருந்தது. இந்த நேர்மையோடுதான் நாம் படத்தை அணுக வேண்டும். சினிமாக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது உண்மையாகாது.

இப்படி ஓர் ஒட்டு வேறு கதைகளிலும் உண்டு. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனான பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளை மணக்கிறான். செருப்புத் தைக்கிறான். மாட்டைக் காக்கப் போய்க் கொலையாகிறான். பிற்காலப் பாடத்தில் அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணர்கள், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒரு பிறப்புக் கதை முளைக்கிறது. மேல்சாதியாரின் மனம் கோணாமல் இருக்கச் செய்த மாற்றம் இது என்று வானமாமலை விளக்கினார். காத்தவராயனும் அப்படித்தான். பறையர் வீட்டில் வளர்ந்து, மேல்சாதிப் பெண் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறியவனுக்குச் சிவனையும் பார்வதியையும் பெற்றோராக்கிவிடுகிறார்கள். காதலித்தவனைக் கொன்றாயிற்று. சாமியாகக் கும்பிட்டும் ஆகிறது. கும்பிடும் தெய்வம் சேரியில் பிறந்தவனாக இருக்கக்கூடாது என்பதற்காகப் பிறப்பை மாற்றுகிறார்கள். மாண்டவனின் உடலை மட்டுமல்ல, அவனுடைய தாயையும் தகப்பனையும் பறித்துக்கொள்கிற வேலை இது.

வீரன் கதையின் நடுப்பகுதியில் ஒரு காட்சி உண்டு. எனக்கு அதுதான் கதையின் உயிர். பொம்மண நாயக்கன் மகள் பொம்மி பூப்படைகிறாள். வழக்கப்படி அவளைத் தனியாகக் குடிசையில் வைக்கிறார்கள். அந்தக் குடிசைக்குக் காவல் இருக்க வேண்டியது சின்னானின் கடமை. ஏன் சின்னான்? தீட்டுக்குத் தீண்டத்தகாதவன்தான் காவல். அரண்மனையின் கணக்கில் அங்கே அவன் ஆண் இல்லை, மனிதனே இல்லை. நாய் காவல் இருப்பதைப் போல அவன் இருப்பான். ஒரு நாள் அப்பனுக்குப் பதிலாக மகன் போகிறான். அந்தக் கணக்கு தப்பாகிறது. சாதி எதை ஓட்டை இல்லாத ஏற்பாடு என்று நம்பியதோ, அந்தத் தீட்டுக் குடிசையிலிருந்தே ஒரு நாயக்கர் பெண் சக்கிலியன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். இவ்வளவு கூர்மையான காட்சியை அரண்மனைப் புலவன் எழுதியிருக்க முடியாது. அந்தக் குடிசை வாசலில் காவல் நின்றவர்களின் பிள்ளைகள்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

இப்போது இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் காசியை வைத்துப் பாருங்கள். வீரன் ராஜகுமாரன் என்றால், பொம்மியோடு அவன் போனது இளவரசன் இளவரசியை மணந்த கதையாகிவிடுகிறது. பொம்மிக்கு அது தெரியாது, அவள் அப்பனுக்கும் தெரியாது. ஆனால் படம் பார்க்கிற ஊர்த் தெருக்காரருக்குத் தெரியும். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் கைதட்டலாம். வரம்பு எதுவும் மீறப்படவில்லை. ரத்தம் ரத்தத்தோடுதான் சேர்ந்திருக்கிறது.

பிறப்பைப் பற்றி இதற்கு முன்பும் பேசியிருக்கிறோம். அதிகம் பேசாதது இரண்டாவது ஒட்டு. அது கதையின் முடிவில் இருக்கிறது. அதை ராஜா ராணிப் படங்களின் இலக்கணம் என்றே சொல்லலாம்.

அந்தக் காலப் படங்களை நினைத்துப் பாருங்கள். ‘மந்திரி குமாரி’ 1950இல் வந்தது. அரசன் நல்லவன், ஏமாளி. கெடுப்பவன் ராஜகுரு. 1954இல் ‘மனோகரா’. அரசனைக் கெடுப்பவள் வசந்தசேனை. ‘உத்தம புத்திரன்’ 1940இலும் 1958இலும் இருமுறை வந்தது. அங்கே கூடவே இருந்து கெடுக்கும் உறவுக்காரன். பெரும்பாலான படங்களில் சிம்மாசனத்தில் குற்றம் இருக்காது, அதற்குப் பக்கத்தில் இருக்கும். மந்திரி, குரு, ஆசைநாயகி, மைத்துனன் என்று யாராவது காதில் ஓதுவார்கள். சூழ்ச்சி வெளிப்பட்டால் நாடு சரியாகிவிடும். திராவிட இயக்க எழுத்தாளர்கள் இந்த இலக்கணத்தைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். ராஜகுருவைக் காட்டினால் பார்ப்பனர் என்று அரங்கம் புரிந்துகொண்டது. தணிக்கை இருந்த காலத்தில் அது நல்ல உத்தி. அதன் பலனை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே அச்சில் மதுரை வீரனை வார்த்தால் என்ன ஆகிறது? கதைப்பாடலில் நடப்பது இது. திருமலை நாயக்கரின் அரண்மனை நாட்டியக்காரி வெள்ளையம்மாளை வீரன் விரும்புகிறான். இரவில் அவளை அழைத்துப் போக முயலும்போது பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கும்படி மன்னன் ஆணையிடுகிறான். ஆணை அரண்மனையுடையது. காரணமும் அரண்மனையுடையதே: தன்னுடையது என்று மன்னன் நினைத்த ஒன்றின் மேல் சக்கிலியன் கைவைத்துவிட்டான். படத்தில் இந்த இடத்தை நரசப்பன் நிரப்புகிறான். பொம்மியை அடைய நினைத்து ஏமாந்தவன், பொறாமைக்காரன், சூழ்ச்சிக்காரன். பாலையா நடித்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மொத்த அரங்கின் வெறுப்பையும் ஒரே ஆளாக வாங்கிக்கொள்வார். அந்த அளவுக்கு மன்னன் மேல் விழ வேண்டிய வெறுப்பு குறைகிறது. மன்னன் மேல் குறைந்தால், மன்னன் உட்கார்ந்திருக்கும் சாதி ஒழுங்கின் மேல் விழுவதற்கு மிச்சம் ஏது? ஆணவக் கொலையாக நாம் வாசிக்க வேண்டிய ஒன்று, பொய்க் குற்றச்சாட்டால் நேர்ந்த அநீதியாக மாறுகிறது. குற்றச்சாட்டு பொய்யாக இல்லாமல் மெய்யாகவே இருந்தால் வெட்டியது சரியா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே திரை இறங்கிவிடுகிறது.

தருமபுரி 2013, உடுமலைப்பேட்டை 2016 என்று நம் காலத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நரசப்பனைத் தேடினார்கள். பின்னாலிருந்து தூண்டிவிட்டவர்கள், பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள், கெட்ட சகவாசம் என்று காரணங்கள் வந்தன. ஊர் நல்லது, சாதி நல்லது, யாரோ ஒருவன்தான் கெட்டவன் என்ற அந்தப் பேச்சு எங்கிருந்து இவ்வளவு சரளமாக வருகிறது என்று யோசித்தால், நாம் கைதட்டிப் பார்த்த படங்களின் வசனமும் காதில் கேட்கிறது.

காலத்தைப் பற்றி ஒரு சிக்கல். கதைப்பாடலில் திருச்சியை விஜயரங்க சொக்கலிங்கரும் மதுரையைத் திருமலை நாயக்கரும் ஒரே நேரத்தில் ஆள்கிறார்கள். வரலாற்றில் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். ராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1706 முதல் 1732 வரை. இருவருக்கும் இடையே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. இதை வைத்து ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. நாள் நட்சத்திரத்தோடு வரலாறு எழுதும் வசதி அரண்மனைக்கு இருந்தது. கணக்குப்பிள்ளை, ஓலை, செப்பேடு எல்லாம் அங்கே இருந்தன. உடுக்கை அடித்துப் பாடியவருக்கு எந்த நாயக்கன் என்பது முக்கியமில்லை, நாயக்கன் என்பதே போதும். அவர்களுடைய குதிரைக்குச் சேணமும் கிணற்றுக்குக் கவலைத் தோலும் தைத்துக் கொடுத்த ஒரு மக்கள் கூட்டம், நூறாண்டு அதிகாரத்தை ஒரே முகமாகத்தான் நினைவில் வைத்திருந்தது.

நமக்குச் சங்கடமான ஓர் இடமும் கதையில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் கூடாது. வீரனை மதுரைக்கு வரவழைத்ததே கள்ளர்களை அடக்கத்தான். அரண்மனைக்கு அடங்காத ஒரு கூட்டத்தின் மேல் அரண்மனையின் வாளாகப் போனவன் நம்முடைய வீரன். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர்களைப் பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல்தான். ஒன்பது ஆண்டு கழித்து வந்த ஒரு படத்தில் கள்ளர் என்ற பெயரும் கள்வர் என்ற சொல்லும் ஒன்றாகவே ஒலித்தன. ஒடுக்கப்பட்டவன் கையில் வாளைக் கொடுத்து இன்னொருவன் மேல் ஏவி, வேலை முடிந்ததும் அதே கையை வெட்டிய அரண்மனையைப் பற்றிப் பேசாமல், வீரன் சண்டை போட்ட அழகை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. தென்மாவட்டங்களில் இந்தக் கதையைப் பேசும் தோழர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

படம் வந்த ஆண்டையும் கவனியுங்கள். 1955 ஜூன் முதல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் இருந்தது. படம் வெளியான மறுநாள் 1956 ஏப்ரல் 14. பாபாசாகேப் உயிரோடு கண்ட கடைசிப் பிறந்தநாள் அது. அடுத்த மாதம் திருச்சி மாநாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் நிற்பதென முடிவெடுத்தது. எம்.ஜி.ஆரும் கண்ணதாசனும் அப்போது அந்தக் கட்சியில் இருந்தார்கள். அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் பிறப்பு என்ற கணக்கையே தூக்கி எறியும் ஒரு மாபெரும் வெளியேற்றம். இன்னொரு பக்கம், கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த நம்மவர்களுக்கு, உன் வீரனும் பிறப்பால் உயர்ந்தவன்தான் என்ற ஆறுதல். இரண்டும் ஒரே ஆண்டில்.

இவ்வளவு சொன்ன பிறகும் படத்தை நான் வெறுக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் என் காலனிக்குப் பொய் சொன்னதாகிவிடும். எம்.ஜி.ஆர். படங்களில் நாயகன் சாவது அபூர்வம். இதில் சாகிறான், அதுவும் கை கால் இழந்து. சின்னான் செல்லி வீட்டை அந்தப் படம் அருவருப்போடு காட்டவில்லை. தோல் தைக்கிற ஒரு தாய் தகப்பனை, அன்றைக்குத் தமிழ்நாடே கொண்டாடிய என்.எஸ்.கே. – மதுரம் இணையின் முகத்தில் நம்மவர்கள் பார்த்தார்கள். நகைச்சுவை இணைதானே, அவர்களுக்குத்தானே சக்கிலியர் வேடம் கொடுப்பார்கள் என்று இன்றைக்கு நான் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் வேறு எந்தப் படத்தில் அந்த வீட்டைக் கதாநாயகனின் வீடாகக் காட்டினார்கள் என்று அவ்வா திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் கோயில் சுவரில் பழைய வீரனுக்கு முறுக்கிய பெரிய மீசை. பின்னால் வர்ணம் அடித்தபோது அது அரும்பு மீசையாகச் சுருங்கிவிட்டது. பூசாரியைக் கேட்டால் சிரிப்பார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் ‘பிம்பச் சிறை’யில் எழுதியதை அந்தச் சுவர் அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தது. அது சிறை என்பது உண்மை. உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. படம் கொடுத்த முகத்தை வாங்கிக்கொண்டு, படம் கொடுத்த காசியைப் பலர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெண்கள் இருவரையும் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. பொம்மி வீட்டைவிட்டு வந்தவள். வெள்ளையம்மாள் அரண்மனைச் சொத்தாக இருக்க மறுத்தவள். முடிவில் இருவரும் வீரனின் இருபுறமும் நிற்கும் சிலைகளாகிவிடுகிறார்கள். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வெள்ளையம்மாள் கதையை அந்தப் பெண்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது தனி ஆய்வுக்கான பொருள். இங்கே இருக்கும் மாணவிகள் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் சன்னிதி இருக்கிறது. கொன்ற அரசனே பிறகு பயந்து கோயில் எழுப்பினான் என்பது கதை. அவன் அங்கே கோபுர வாசலில் எத்தனையோ தலைமுறைகளாக நின்றான். அவனைத் தூக்கி வளர்த்த செல்லியின் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக 1939 ஜூலை 8 வரை காத்திருந்தார்கள். வைத்தியநாத அய்யரோடு உள்ளே சென்றவர்களில் கக்கனும் ஒருவர். வாசலில் நின்ற தெய்வம் உண்மையிலேயே காசி இளவரசன் என்று கோயில் நம்பியிருந்தால், அவனை ஏன் வெளியிலேயே நிற்க வைத்தது? பிறப்புக் கதையைப் புத்தகத்தில் மாற்றினார்கள், படத்திலும் மாற்றினார்கள். இடத்தை மட்டும் மாற்றவில்லை.

நம்மிடையேயும் ஒரு குரல் இருக்கிறது. நாமும் ஆண்டவர்கள்தான், நம் வீரன் அரச வம்சம்தான், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இழிவைத் தவிர வேறெதையும் வரலாறாகத் தராத சமூகத்தில் பெருமை தேடுவது குற்றமில்லை. ஆனால் காசியை நாம் ஒப்புக்கொள்ளும் அந்த நொடியில் சின்னானும் செல்லியும் வெறும் வளர்ப்புப் பெற்றோராகிவிடுகிறார்கள். வீரனின் தைரியம் அவர்கள் கொடுத்ததல்ல என்றாகிவிடுகிறது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எனவே இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் வீரன் கதை சொல்லத் தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் இன்னும் மிஞ்சியிருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். திருத்தாதீர்கள், நடுவில் நினைவூட்டாதீர்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே இருக்கட்டும். இரண்டு இடங்களை மட்டும் குறித்து வையுங்கள். கதை எந்த ஊரில் தொடங்குகிறது? கையையும் காலையும் வெட்டச் சொன்னது யார் என்று சொல்கிறார்கள்? எங்கள் அவ்வா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரிடம் இந்த இரண்டையும் கேட்டுப் பதிவுசெய்யாமல் விட்டவன் நான். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பதிவுகளைக் கேட்போம்.

ஜெய்பீம்.